உறக்கத்தைக் காணிக்கை கேட்கிற தெய்வம் எது?



இது நீண்ட பதிவு. என் விலங்கியல் வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்திருந்தவர்கள் இன்று ஒரு 15 நிமிடம் கொடுங்கள். திட்டித்தான் எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்வதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக ஒரே உற்சாகம். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு ரெட்டியார்பாளையத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். மகிழ்ச்சி. நாற்பத்தைந்து வயதில் நடக்க ஆசைப்படுகிறீர்களே, அதுவே பெரிது. ஆனால் அதற்குக் கீழே வந்த செய்திகளைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. "மூணே நாள்ல முடிக்கிறோம் சார்." "போன வருஷம் ரெண்டு ராத்திரி பொட்டுக் கண் மூடலை." "தூங்குறவன் எல்லாம் பஸ்ல வாங்கடா." இந்தக் கடைசிச் செய்திக்கு 34 பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் மருத்துவர்கள். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

தைப்பூசத்துக்குப் பழநி நடக்கிற கூட்டமும் சிரிக்க வேண்டாம். அங்கேயும் இதே பெருமைதான். மாலை மாறுகிறது, பாட்டு மாறுகிறது, தூக்கம் கெட்டதைச் சொல்லி மார்தட்டுவது மாறவில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இங்கிருந்து கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி ஏறத்தாழ 160 கிலோமீட்டர். கூட்டமாக, பையைச் சுமந்துகொண்டு, பெரியவர்களும் பெண்களும் சேர்ந்து நடந்தால் மணிக்கு 4 கிலோமீட்டர். அதாவது 40 மணி நேரம் கால் தரையில் இருக்க வேண்டும். மூன்று நாளில் இருப்பது 72 மணி நேரம். மிச்சம் 32. இதில் சாப்பாடு, குளியல், கழிப்பறை, கொப்புளத்துக்குக் கட்டு, டீக்கடை, பின்தங்கியவர்களுக்குக் காத்திருப்பது என்று நாளைக்கு 7 மணி நேரம் போகும். மிஞ்சுவது 11 மணி நேரம், மூன்று இரவுக்குச் சேர்த்து. ஒரு இரவுக்கு நாலு மணிகூட இல்லை. அதுவும் காகிதத்தில். நடைமுறையில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்க் சிமெண்டுத் தரையில் ஒன்றரை மணி நேரம் புரண்டு படுப்பீர்கள். கணக்குப் பாடத்தில் உங்களைத் தேற வைத்த என் நண்பர் இதைப் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

"வெயில் சார், ராத்திரிதான் நடக்க முடியும்" என்பீர்கள். ஆகஸ்ட் வெயிலில் நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டன்மாரும் அப்படி நடக்கவில்லை. மாலையில் இருட்டும்போது கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுத் திண்ணையில் படுத்தார்கள். நாலாம் சாமத்தில் எழுந்து நடந்தார்கள். ஒன்பது, பத்து மணிக்குள் மரத்தடி. மறுபடி வெயில் சாய்ந்து இரண்டு மணி நேரம். வெயிலையும் தவிர்த்தார்கள், உறக்கத்தையும் விடவில்லை. நீங்கள் இரவு 9 மணிக்குக் கிளம்பி விடிய விடிய நடக்கிறீர்கள். பகலில் அனலடிக்கும் பந்தலில் ஒலிபெருக்கிக்குக் கீழே தூங்கப் பார்க்கிறீர்கள். வராது. வராத தூக்கத்தை வைராக்கியம் என்று பெயர் மாற்றிக்கொள்கிறீர்கள்.

உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பத்தாம் வகுப்பிலேயே சொன்னதுதான். உறக்கத்தை இரண்டு விஷயங்கள் வரவழைக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் சேர்கிற களைப்பு. இன்னொன்று, மூளைக்குள் இருக்கும் கடிகாரம். அந்தக் கடிகாரம் இரவில் உடம்பின் வெப்பத்தைக் குறைக்கிறது. விடியலுக்கு முன், 4 மணி வாக்கில், வெப்பம் மிகக் குறைந்த நிலைக்கு வருகிறது. விழிப்பும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். நேர்த்திக்கடன், ஜெபமாலை, சரணகோஷம் எதுவும் அந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்காது. ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆய்வு நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கும். 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுடைய கவனமும் வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவர்களுடைய அளவுக்கு, சிலவற்றில் அதற்கும் கீழே, இறங்கியிருந்தன. நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம். ஆக, மாலை போட்டு, மது தொடாமல், காலை 5 மணிக்கு எழுந்து அன்று நள்ளிரவு வரை விழித்திருப்பவர், கோரிமேட்டுக் கடையிலிருந்து வெளியே வருகிறவரைவிடத் தெளிவாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது. விரதம் இருந்தும் போதை.

அந்த நிலையில் நடப்பது எங்கே? கிழக்குக் கடற்கரைச் சாலையில். எதிரே வருகிற வண்டியின் ஓட்டுநருக்கும் அதே 4 மணிதான். அவருக்கும் கண் சொக்கும் நேரம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வேன் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மூன்று நொடி கண் அசந்தால் 66 மீட்டர். நம் பள்ளி மைதானத்தின் நீளத்தில் முக்கால்வாசி. 2024 ஜூலை 17 அதிகாலை, தஞ்சாவூர் மாவட்டம் வளம்பக்குடி அருகே, கந்தர்வக்கோட்டைப் பக்கத்திலிருந்து சமயபுரத்துக்கு நடந்துபோன பக்தர்கள் மீது சரக்கு வாகனம் மோதி ஐந்து பேர் இறந்தார்கள். செய்தியைப் பார்த்து நம் குழுவில் எல்லாரும் கைகூப்பும் பொம்மை போட்டீர்கள். மறுவாரம் அடுத்த பயணத்துக்கு "நைட் வாக்" என்று போஸ்டர் வந்தது.

காவல் துறை முதுகில் ஒட்டுகிற ஒளிரும் பட்டையை மறுக்காதீர்கள், சாலையின் வலது ஓரமாக எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள் — இதையெல்லாம் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிட்டேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

உங்களோடு ஒரு டாட்டா ஏஸ் வருகிறதே, மாதா சொரூபத்தையும் ஜெனரேட்டரையும் சமையல் பாத்திரத்தையும் ஏற்றிக்கொண்டு, அதை ஓட்டுகிறவனுக்கு எப்போது உறக்கம்? நீங்கள் நடக்கும்போது அவன் முதல் கியரில் ஊர்ந்துகொண்டே வர வேண்டும். நீங்கள் படுக்கும்போது அவன் முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும், தண்ணீர் கேன் வாங்க வேண்டும், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க வேண்டும். திருவிழா முடிந்ததும் நீங்கள் ஏசி பேருந்தில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டே ஊர் திரும்புவீர்கள். அவன் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டும்.

நம் பள்ளியில் படித்த பையன் ஒருவன். கடைசி பெஞ்சு. பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்குப் பிடிக்காது. சில வருஷங்களுக்கு முன் ஒரு குழுவுக்கு இப்படித்தான் ஓட்டினான். மூன்று இரவு. திரும்பும்போது கொள்ளிடம் பாலம் தாண்டியது நினைவிருக்கிறது என்கிறான். அடுத்து நினைவிருப்பது மருத்துவமனைக் கூரை. வண்டி புளியமரத்தில். இடுப்பெலும்பு முறிந்து 14 மாதம் வேலை இல்லை. நடந்தவர்கள் சேர்ந்து பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். "மாதாதான் உயிரைக் காப்பாத்துனாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்கள். சரி, காப்பாற்றினார். ஆனால் அவனை மூன்று இரவு விழிக்க வைத்தது மாதா இல்லையே. நேர்த்திக்கடன் ஒருவருடையது, இடுப்பெலும்பு இன்னொருவனுடையதா? இந்த வருஷம் வண்டி எடுக்கிறீர்கள் என்றால் இரண்டு ஓட்டுநர் போடுங்கள். இரண்டாவது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை என்றால் டிஜிட்டல் பேனரில் ஒன்றைக் குறையுங்கள்.

இனி பக்தி வாதத்துக்கு வருகிறேன். "கண் விழிப்பது தவம் சார்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். நல்ல பெண், நன்றாகப் படித்தவள். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்கிறோம், பெரிய சனிக்கிழமை இரவு கோயிலில் இருக்கிறோம், உண்மைதான். அது ஒரு இரவு; கோயிலுக்குள்; உட்கார்ந்துகொண்டு; மறுநாள் வீட்டில் படுத்து எழுந்திருக்கலாம். லாரி ஓடும் சாலையில் மூன்று இரவு கண் விழிக்கச் சொன்ன சாத்திரம் எது? வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி கதையை எடுத்துப் படியுங்கள். முதல் அரசர்கள் ஆகமம், 19ஆம் அதிகாரம். களைத்துப்போய்ச் செடியடியில் படுத்துத் தூங்குகிறார். தேவதூதன் எழுப்பி, அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் திட்டவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, "பயணம் நீளமானது" என்ற கருத்தில் இன்னும் சாப்பிட வைக்கிறான். அதற்குப் பிறகுதான் நாற்பது நாள் நடை. தூங்கின பிறகு நடை, கவனியுங்கள். புயலில் படகு ஆடும்போது இயேசு எங்கே இருந்தார்? பின்பக்கத்தில் தலையணை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்.

நம் பக்கமும் அப்படித்தான். உங்கள் வழியிலேயே சிதம்பரம் இருக்கிறது. அங்கே அர்த்தசாமப் பூசை முடிந்ததும் நடராசரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறார்கள். ஆடவல்லானுக்கே இரவில் ஆட்டம் நிறுத்தம்! அதே கோயில் வளாகத்தில் கோவிந்தராசப் பெருமாள் காலம் காலமாகப் படுத்தே இருக்கிறார். பள்ளி என்ற சொல்லுக்கே படுக்கும் இடம் என்றும் பொருள் உண்டு. என் வகுப்பில் தூங்கியவர்கள் இதை முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள் போல.

விழித்திருந்தால் சாதனை என்பவர்களுக்கு ஒன்று. தூங்காமல் இருப்பதற்கான சாதனையைக் கின்னஸ் புத்தகமே பல ஆண்டுகளுக்கு முன் ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிட்டது, உடம்புக்கு ஆபத்து என்று. வாயில் பாம்பைக் கவ்விக்கொண்டு நிற்பவனையெல்லாம் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

ஆனால் நடக்கிறவர்களை மட்டும் திட்டினால் அது அநியாயம். என் பெரிய கோபம் வேறு இடத்தில்.

தைப்பூசத்துக்கு முன் பழநிச் சாலையில், ஆகஸ்ட் கடைசியில் நாகைச் சாலையில் போய்ப் பாருங்கள். சோற்றுக்குப் பஞ்சமே கிடையாது. கிலோமீட்டருக்கு ஒரு பந்தல். பொங்கல், தக்காளிச் சாதம், மோர், தர்பூசணி, பிஸ்கட், ரோஸ்மில்க். நடப்பவர்கள் கையை ஆட்டி வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டைத் திணிக்கிறார்கள். இரவு 11 மணிக்குப் பிரியாணி! வயிறு நிறைய அதைப் போட்டுக்கொண்டு எவன் தூங்குவான், எவன் நடப்பான்? சோறு போட ஆயிரம் கை நீள்கிற ஊரில், "இங்கே பாய் இருக்கிறது, விளக்கை அணைத்திருக்கிறோம், பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறது, நாலு மணிக்கு எழுப்புகிறோம், படுங்கள்" என்று ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. ஏன் தெரியுமா? சோறு போடுவதைப் படம் எடுக்கலாம். தூங்குகிறவர்களைப் படம் எடுத்தால் அதில் கொடுத்தவர் முகம் தெரியாது.

நம் முன்னோர் இப்படி இல்லை. அவர்கள் அன்னசத்திரம் என்று கட்டியது சோற்றுக்கு மட்டுமல்ல, தலைசாய்க்கவும்தான். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி முத்தாம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் 1802இல் எழுப்பிய சத்திரத்தில் வழிப்போக்கருக்கு உணவும் இடமும் மருத்துவமும் சேர்ந்தே இருந்தன. தஞ்சையிலிருந்து இராமேசுவரம் போகிற வழியில் அப்படி வரிசையாகச் சத்திரங்கள். பழநிக்குக் காவடி கட்டி நடக்கிற நகரத்தார் இன்றும் தங்குமிடத்தை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் நடையைத் தொடங்குகிறார்கள். ஊர்ப்பெயரைப் பாருங்கள். கடலூரில் சாவடி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் புதுச்சத்திரம். கடலூரில் காலையில் கிளம்புகிறவனுக்கு எந்த இடத்தில் கால் வலிக்கும் என்று தெரிந்து வைத்த பெயர்கள் அவை. நீங்கள் அந்தப் பெயர்ப்பலகைக்கு அடியில் செல்பி எடுத்துவிட்டு நிற்காமல் போகிறீர்கள்.

மகாராட்டிரத்தில் ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் போகிற வாரி யாத்திரை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நம் ஆட்களிடம் கொடுத்தால் ஐந்து நாளில் முடித்துவிட்டு ஸ்டேட்டஸ் போடுவார்கள். லட்சக்கணக்கானவர்கள் அதைக் கிட்டத்தட்ட மூன்று வாரம் நடக்கிறார்கள். எந்த நாள் எந்த ஊரில் தங்கல் என்பது முன்கூட்டியே அச்சாகிவிடும். பகலில் நடை, மாலையில் கூடாரம். அவர்களுடைய பக்தி நம்முடையதைவிடக் குறைவு என்று யாராவது சொல்வீர்களா?

பிரான்சில் இருக்கும் உறவுகளுக்குச் சந்தியாகப்பர் வழி தெரிந்திருக்கும். பிரெஞ்சு எல்லையில் தொடங்கி ஸ்பெயினின் சந்தியாகோ வரை 780 கிலோமீட்டர். என் தங்கை மகன் அதில் ஒரு பகுதியை நடந்துவிட்டு வந்தான். அவன் வியந்து சொன்னது கோயிலைப் பற்றி இல்லை, விடுதிகளைப் பற்றி. வழிநெடுக யாத்திரிகர் விடுதி. பொதுவாக இரவு 10 மணிக்கு விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். பத்தரைக்கு வந்து கதவைத் தட்டி "நான் பெரிய பக்தன்" என்றால் நடக்காது. "மாமா, அங்க தூங்கலைன்னா அடுத்த நாள் நடக்க விடமாட்டாங்க போல இருக்கு" என்றான்.

நமக்கு இடமா இல்லை? தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று அடித்தபோது பள்ளிகளைத் திறந்தோம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் திறந்தோம். தேர்தலுக்குத் திறக்கிறோம். ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர், நாகை கடற்கரையில் பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்களே, ஆகஸ்டில் அவை பூட்டித்தானே கிடக்கின்றன? நடப்பவர்கள் மாலை 6 மணிக்கு வந்து காலை 4 மணிக்குப் போய்விடுவார்கள். ஒரு வகுப்பும் கெடாது. காரைக்கால் நம் மாநிலம்தான். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் பந்தலுக்கு நன்கொடை கேட்கிற உங்கள் குழு, ஒருமுறை இதைக் கேட்டுப் பாருங்கள். பங்குச் சாமியார்கள், கோயில் அறங்காவலர்கள், திருமண மண்டபம் வைத்திருக்கும் என் மாணவர்கள் (ஐந்து பேர் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்) எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஆகஸ்டில் முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபம் காலியாகத்தானே கிடக்கிறது?

பெண்கள் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் உறவில் ஒரு பெண், மூன்று வருஷமாக நடக்கிறாள். "ஏம்மா ராத்திரி நடக்கிற" என்று கேட்டேன். "படுக்க இடம் இல்ல பெரியப்பா. ரோட்டோரம் படுத்தா முழிச்சிட்டேதான் இருக்கணும். அதுக்கு நடந்துட்டுப் போயிடலாம்." கழிப்பறைக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. தண்ணீர் இல்லாததால் இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொள்வதால் தூக்கம் இல்லை. இதை அவளுடைய வைராக்கியம் என்று மேடையில் பாராட்டினார்கள். இது அவளுடைய வைராக்கியமில்லை, நம்முடைய வெட்கக்கேடு.

அப்புறம் அந்த ஒலிபெருக்கி. பந்தலில் படுத்தவர்களின் காதுக்கு மேலே விடிய விடியப் பாட்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கு அரசு விலக்குக் கொடுத்தாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் முடியாது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று அதே 2000இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு நம் சென்னையிலிருந்து போன ஒரு சபையுடையது. 2012இல் ராம்லீலா மைதான வழக்கில், நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காவல் துறை கலைத்ததை விசாரித்தபோது, உறக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்றே எழுதினார்கள். உங்கள் ஜெனரேட்டர்காரருக்கு இந்த இரண்டு தீர்ப்பையும் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

நடப்பது என்று முடிவு செய்தவர்களுக்குச் சில விஷயங்கள். வரிசை எண் போட்டுத் தரமாட்டேன். மனப்பாடம் செய்து மறந்துவிடுவீர்கள்.

நடையை நிறுத்தினதும் விழுந்து படுக்காதீர்கள். நாளெல்லாம் நடந்த உடம்பு சூடாக இருக்கும். சூடு இறங்கினால்தான் உறக்கம் இறங்கும். அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேண்டும். குளியுங்கள், இல்லையென்றால் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றுங்கள். காலை நன்றாகத் துடைத்து, விரல் இடுக்கைப் பார்த்து, கொப்புளத்தைக் கிள்ளாமல் கட்டி, காய்ந்த துணிக்கு மாறுங்கள். வியர்வைச் சட்டையோடு படுக்கிறவன் நள்ளிரவில் குளிர்ந்து விழிப்பான். தையில் பழநிப் பக்கம் இது நிச்சயம். சாப்பாடு ஏழு மணிக்குள், இட்லி, இடியாப்பம் மாதிரி. மாலை நாலுக்கு மேல் டீ வேண்டாம். டீயில் இருப்பதில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். தெருவோரக் கடைக்காரர் வருத்தப்படுவார், படட்டும்.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது. மூளையின் ஒரு பாதி காவல் காக்கிறது என்று 2016இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு காட்டியது. அதனால் முதல் நாள் நடையைக் குறைவாக வையுங்கள். வீட்டுத் தலையணை உறையை எடுத்துப் போங்கள், உள்ளே துணியைத் திணித்துக்கொள்ளலாம். வீட்டு வாசனை இருக்கும், எனக்கு உதவியிருக்கிறது. காதுக்குப் பஞ்சு. பாய் கட்டாயம். பகல் வெயிலைக் குடித்த சிமெண்டுத் தரை ஆகஸ்டில் நள்ளிரவு வரை அனலைக் கக்கும். தையில் அதே தரை முதுகின் சூட்டை உறிஞ்சும். இரண்டுக்கும் கோரைப்பாய்தான் மருந்து. ஐந்நூறு ரூபாய் பவர்பேங்க் தூக்குகிற முதுகு ஒரு பாயைத் தூக்காதா?

கொசுவலையைப் பற்றிச் சிரிக்காமல் கேளுங்கள். கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. சிதம்பரம் தாண்டினால் வயல்வெளி. கட்டுவிரியன் இரவில் திரிகிற பாம்பு. தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது. கடித்த இடத்தில் பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியலில் வயிற்று வலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும், பேச்சுக் குழறும். கூட இருப்பவர்கள் "தூக்கக் கலக்கம், விடுங்க" என்பார்கள். அந்த "விடுங்க"வில் உயிர் போய்விடும். இமை தொங்கினால் உடனே விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிட்டால் பாம்பு உள்ளே வராது. பெட்ரோல் பங்க், நிறுத்திய லாரியின் நிழல், சாலையின் வெள்ளைக் கோட்டு ஓரம் — இந்த மூன்று இடத்திலும் பாய் விரிக்கிறவனை நான் என் மாணவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

சர்க்கரை உள்ளவர்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் இருப்பீர்கள். தூக்கம் கெட்டால் சர்க்கரை ஏறும், வலி இருமடங்காகத் தெரியும். காலில் மரத்துப்போனவர்களுக்கோ கொப்புளம் வெடித்தது தெரியவே தெரியாது. மாத்திரை நேரத்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

என் திட்டம் இதுதான்: மூன்று நாள் இல்லை, ஏழு நாள். கடலூர், புதுச்சத்திரம், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி. தூரம் சமமாக இல்லை; தரங்கம்பாடிக்கும் நாகூருக்கும் போகிற நாட்கள் நீளம், சிதம்பரமும் சீர்காழியும் சுலபம். நாகூர் தர்கா எல்லாச் சமயத்தாரும் வந்து தங்கிப் பழகிய ஊர். அங்கே இடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். "ஏழு நாள் லீவு கிடைக்காது சார்" என்றால் மூன்று நாள் நடந்துவிட்டு மீதியைப் பேருந்தில் போங்கள். அல்லது சீர்காழி வரை பேருந்தில் போய் அங்கிருந்து நடங்கள். மாதா டிக்கெட் கேட்டுச் சோதிக்க மாட்டார்.

ஏற்பாட்டாளர்கள் ஆகஸ்ட் 10க்குள் தங்குமிடப் பட்டியலைக் குழுவில் போடுங்கள். போஸ்டர் அதற்குப் பிறகு. புதுச்சத்திரத்திலும் சீர்காழியிலும் இடம் கேட்டு நானே நேரில் போய் வருகிறேன். ஸ்கூட்டரில் என்னோடு வர ஒருவர் வேண்டும், பகலில்தான் போவேன். கிளம்புகிற முதல் இரவு, தூரத்திலிருந்து வருகிறவர்கள் என் வீட்டு மொட்டை மாடியில் படுக்கலாம். 12 பாய் இருக்கிறது, கொசுவலை நீங்கள் கொண்டுவர வேண்டும். எட்டரை மணிக்கு மாடி விளக்கை அணைத்துவிடுவேன். மூன்றரைக்கு உங்கள் டீச்சரம்மா சுக்குக் காபி தருவார்.